ஆணின் உணவும் 74 நாள் கணக்கும்

விரைக்குள் ஒரு மூல உயிரணு பலமுறை பிரிந்து, தலையும் வாலும் கொண்ட விந்தணுவாக உருவெடுக்கச் சுமார் 74 நாள்கள் ஆகின்றன. பிறகு விரையை ஒட்டிச் சுருண்டு கிடக்கும் நுண்குழாயில் ஒன்றிரண்டு வாரம் தங்கி நீந்தும் திறனைப் பெறுகிறது. எனவே இன்றைய விந்துப் பரிசோதனை காட்டுவது ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு முன் தொடங்கிய வேலையை. சாப்பாட்டை மாற்றிய அடுத்த வாரமே ஆய்வகத்துக்கு ஓடுவதில் பயனில்லை.

விந்தணு நீந்த வேண்டுமானால் அதன் மேலுறை நெகிழ்வாக இருக்க வேண்டும். அதற்காகவே அங்கு டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு மிகுந்திருக்கிறது. வைத்திருந்த எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறதே, அதே ஆக்சிஜனேற்றம் இந்தக் கொழுப்பையும் எளிதில் தாக்கும். மற்ற உயிரணுக்களில் இதைத் தடுக்கும் நொதிகள் உட்திரவத்தில் இருக்கும்; விந்தணுவோ அந்தத் திரவத்தைப் பெரும்பாலும் உதறிவிட்டுத்தான் உருவாகிறது. அதற்குக் காவல், சுற்றியுள்ள விந்துத் திரவம். அதிலுள்ள வைட்டமின் சி போன்றவை கொய்யா, நெல்லிக்காய் வழியாக வரவேண்டியவை. ஒமேகா-3 மத்தி, கானாங்கெளுத்தி மீன்களில் தாராளம். புகைபிடித்தல் இந்த ஆக்சிஜனேற்றத்தைக் கூட்டுகிறது.

2018-இல் வெளியான ஸ்பெயின் ஆய்வொன்றில், 18 முதல் 35 வயது வரையிலான 119 ஆண்களில் ஒரு பிரிவினர் வழக்கமான உணவோடு தினமும் 60 கிராம் வால்நட், பாதாம், ஹேசல்நட் கலவையை 14 வாரம் சாப்பிட்டனர். அவர்களின் விந்தணு எண்ணிக்கை சுமார் 16 விழுக்காடு உயர்ந்தது; நீந்தும் திறனும் மேம்பட்டது. ஆனால் அவர்கள் ஆரோக்கியமான இளைஞர்கள். குழந்தையின்மைக்குப் பாதாம் மருந்து என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

துத்தநாகத்தின் கதை இன்னும் சுவையானது. ஈரானின் ஷிராஸ் நகரில் பணியாற்றிய இந்திய மருத்துவர் ஆனந்த பிரசாத், இருபது வயதைக் கடந்தும் பருவமடையாமல் சிறுவர்களைப் போலக் குன்றியிருந்த ஆண்களைக் கண்டு 1961-இல் எழுதினார். அவர்கள் உணவு பெரும்பாலும் புளிக்கவைக்காத முழுக்கோதுமை ரொட்டி. தானியத்திலுள்ள ஃபைட்டேட் துத்தநாகத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் உடலுக்கு அது போய்ச் சேர்வதில்லை. குறைபாடு துத்தநாகத்தினுடையதே என்பது பின்னர் எகிப்தில் நடந்த ஆய்வுகளில் உறுதியாயிற்று. மாவைப் புளிக்கவைப்பதும் பயறை முளைகட்டுவதும் ஃபைட்டேட்டைக் குறைக்கும். இட்லி மாவுக்கு இந்தப் பெருமையும் உண்டு.

அப்படியானால் துத்தநாக மாத்திரை விழுங்கினால் போதுமா? அமெரிக்காவில் குழந்தையின்மைச் சிகிச்சைக்கு வந்த 2,370 தம்பதியரிடம் இது சோதிக்கப்பட்டு, 2020-இல் முடிவு வந்தது. ஆண்களுக்கு ஆறு மாதம் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் கொடுத்தும் விந்தின் தரமோ குழந்தைப் பிறப்போ கூடவில்லை, வயிற்றுக்கோளாறுதான் கூடியது. குறை உள்ள இடத்தில்தான் நிரப்ப முடியும். மருந்துக்கடைகளில் அடுக்கியிருக்கும் 'ஆண்மை' மாத்திரைகளை வாங்குவோர் இதை யோசிப்பதில்லை.

தட்டில் எது இருக்கிறது என்பதோடு எவ்வளவு என்பதும் முக்கியம்; மிஞ்சியது உடலில் கொழுப்பாகத் தங்கிவிடும். கொழுப்புத் திசுவிலுள்ள ஒரு நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. தொடையிலும் அடிவயிற்றிலும் சேரும் சதை, உடலைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருக்கவேண்டிய விரையைச் சூடாக்குகிறது. டென்மார்க்கில் உடல்பருமன் கொண்ட 56 ஆண்கள் எட்டு வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் சராசரியாக 16 கிலோவுக்கு மேல் இழந்தனர். விந்தணுச் செறிவு ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது. ஓராண்டுக்குப் பின்னும் அந்தப் பலன் நிலைத்தது, எடையை மீண்டும் ஏறவிடாதவர்களிடம் மட்டுமே.

விரை நாளப் புடைப்பு, விந்துக்குழாய் அடைப்பு, மரபணுக் கோளாறு ஆகியவற்றுக்கு உணவில் தீர்வில்லை. முருங்கைக்காய்க்குச் சினிமா கொடுத்த புகழும் ஆசையைப் பற்றியது, விந்தணுவைப் பற்றியதல்ல.