பல் ஊசி ‘ஒத்துக்காது’ என்றால் அது அலர்ஜிதானா?

மானாம்பதியில் இருக்கும் என் அம்மா எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் சொல்வது, "எனக்குப் பல்லு ஊசி ஒத்துக்காதுங்க." பல வருஷம் முன்னால் பல் பிடுங்க ஊசி போட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்து, கை நடுங்கி, வேர்த்துக் கொட்டியிருக்கிறது. சீட்டில் ‘அலர்ஜி’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து சொத்தைப் பல்லுக்குக் கிராம்பும் வலி மாத்திரையும்தான். போன மாதம் கன்னம் வீங்கி வாயைத் திறக்க முடியாமல் போனபிறகுதான் நான் இதைத் தோண்ட ஆரம்பித்தேன்.

அந்த ஊசியில் இருப்பது ஒரே மருந்து இல்லை. மரத்துப்போக வைப்பது லிக்னோகெயின். 1943-ல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் குழு உருவாக்கியது. அதற்கு முன் புழக்கத்தில் இருந்த புரோகெயின் உடம்பில் உடையும்போது பாரா அமினோ பென்சோயிக் அமிலம் வரும். அலர்ஜியைக் கிளப்பியது பெரும்பாலும் அதுதான். லிக்னோகெயின் அப்படி உடையாது. அதற்கு நிஜ அலர்ஜி ரொம்ப அபூர்வம்.

கூடவே அட்ரினலின் இருக்கும், ரத்தக் குழாயைச் சுருக்கி மருந்தை அங்கேயே நிறுத்திவைக்க. அது கெடாமல் இருக்க மெட்டாபைசல்ஃபைட். பல பேருக்கு எடுத்துப் போடும் 30 மி.லி. பாட்டில் என்றால் கிருமி வளராமல் இருக்க மெத்தில் பாராபென். இது மேலே சொன்ன அமிலத்துக்குப் பங்காளி மாதிரி, அதனால் லிக்னோகெயினுக்கு முன்னால் இதைச் சந்தேகப்படணும். டாக்டரின் ரப்பர் கையுறையையும், பிறகு தரும் அமாக்ஸிசிலினையும் விட்டுவிடக் கூடாது. (பல்செட்டு அக்ரிலிக், நிக்கல் கலந்த கேப் எல்லாம் நாள் கழித்துக் காட்டும் வகை, அது தனிக் கதை.)

அம்மாவின் படபடப்பு? அட்ரினலின் செய்கிற வேலையே அதுதான். 1:80,000 என்றால் மில்லிக்கு 12.5 மைக்ரோகிராம், 2 மி.லி. போட்டால் 25. நிஜமாகவே அலர்ஜி முற்றி மூச்சுத் திணறினால் பெரியவர்களுக்குத் தொடையில் போடுவதும் இதே அட்ரினலின்தான். அளவு 500 மைக்ரோகிராம், இருபது மடங்கு! இத்தனை வருஷம் அம்மா பயந்தது அலர்ஜிக்கான மருந்தைப் பார்த்து.

உடம்பெல்லாம் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், இளைப்பு இருந்தால் கதை வேறு. கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் வரலப்பா, பயமாத்தான் இருந்துச்சு." இருந்தாலும் கூகுளை நம்பி முடிவெடுக்கிற விஷயம் இல்லை இது. அலர்ஜி டாக்டர் பாராபென் இல்லாத லிக்னோகெயினைத் தோலில் குத்திப் பார்த்தார், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டித் தோலுக்கடியில் போட்டுப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

வீக்கம் வடிந்ததும் உத்திரமேரூரில் பல்லைப் பிடுங்கியாச்சு. இந்த முறை ஊசிக்கு முன்பே டாக்டர், "அம்மா, நெஞ்சு கொஞ்சம் படபடன்னு அடிக்கும், அஞ்சு பத்து நிமிஷத்துல அடங்கிடும்" என்றார். அடித்தது. அடங்கியது.