நெருப்பில் குளிக்கும் பல்சக்கரம்!

ஜூன் 12, மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள். தஞ்சை வயலில் தண்ணீர் பாய்ந்தால் குறுவை உழவு அவசரம். அப்போது டிராக்டரின் கியர் பல் ஒன்று உடைந்தால்? உழவு நின்றுவிடும். நாற்று முற்றிவிடும்!

பந்தயக் காருக்கும் இதே ஆபத்துதான்.

பல் முழுவதும் கடினமாக இருந்தால் நொறுங்கும். மிருதுவாக இருந்தால் தேயும். மேலே கடினம், உள்ளே உறுதி! இரண்டும் வேண்டும்.

எப்படிச் செய்கிறார்கள்?

கரிச்சத்து குறைந்த எஃகில் கியரைச் செய்கிறார்கள். கரி கலந்த வாயு நிறைந்த உலையில், சுமார் 900 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில், பல மணி நேரம் வைக்கிறார்கள். மேல்தோலில் கரி ஏறுகிறது. ஆழம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான்! உடனே எண்ணெயில் தோய்க்கிறார்கள். தோல் கல்லாகிறது. பிறகு இலேசாகச் சூடு காட்டிப் பதப்படுத்துகிறார்கள்.

பந்தயக் கார் கியருக்கு இன்னொரு வேலையும் உண்டு. பொடி எஃகுக் குண்டுகளை அதன்மேல் மழையாகப் பொழிகிறார்கள். மேற்பரப்பு இறுகுவதால் விரிசல் எளிதில் விழாது.

கிராமத்துக் கொல்லர் அரிவாளைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கிறாரே, அந்த வித்தையின் தம்பிதான் இது!

டிராக்டர் ஓட்டுகிறவர்களே, கிளட்சை முழுவதும் மிதித்துக் கியர் மாற்றுங்கள். அந்த 1 மில்லிமீட்டர் தோல் போனால், பல்லுக்குக் காவல் இல்லை!