ஆட்கொணர் ஆணையும் அமெரிக்கச் சிறைவாசியும்

'ஆட்கொணர் நீதிப்பேராணை' என்பது நாளிதழ்களில் நாம் அடிக்கடி காணும் தொடர். இதன் இலத்தீன் மூலத்தில் 'உடல்' என்றே உள்ளது. தமிழாக்கியோர் 'ஆள்' என்றனர். உயிருள்ள மனிதனைக் குறித்தலின் தமிழ்ச்சொல்லே பொருத்தமுடையதெனத் தோன்றுகிறது.

நம் நாட்டு நீதிமன்றங்கள் ஒரே அடுக்கில் அமைந்தவை. அமெரிக்காவிலோ மாநில நீதிமன்றங்கள் வேறு. கூட்டாட்சி நீதிமன்றங்கள் வேறு. மாநில நீதிமன்றம் தண்டித்தவர், தம் அரசியலமைப்பு உரிமை மீறப்பட்டதெனக் கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடும் வழியை 1867ஆம் ஆண்டுச் சட்டம் திறந்தது. ஆயினும் அவ்வழி நெடுங்காலம் குறுகியே கிடந்தது. ஜார்ஜியாவில் தண்டிக்கப்பட்ட லியோ பிராங்க், கும்பலின் மிரட்டலுக்கிடையே தம் வழக்கு நடந்ததென 1915இல் முறையிட்டார். மாநில மேல்நீதிமன்றம் அதனை முன்பே ஆராய்ந்துவிட்டதெனக் கூறி உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. ஆளுநர் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்; கும்பலோ அவரைச் சிறையிலிருந்து கடத்திச் சென்று தூக்கிலிட்டது.

எட்டாண்டுகளில் நிலை மாறிற்று. ஆர்க்கன்சா மாநிலத்தின் எலைன் வட்டாரத்தில், விளைவித்த பருத்திக்கு உரிய விலை வேண்டிச் சங்கம் அமைத்த கறுப்பின வார உழவர்கள் 1919இல் வேட்டையாடப்பட்டனர். மாண்டவர்களுள் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். மரண தண்டனை பெற்ற 12 பேரும் கறுப்பினத்தவரே! அவர்களுள் அறுவரின் மனு கூறியது இது: விசாரணை ஏறத்தாழ முக்கால் மணி நேரம், ஜூரிகள் முடிவெடுக்க ஐந்து நிமிடமும் ஆகவில்லை, அவர்தம் வழக்கறிஞர் ஒரு சாட்சியையேனும் அழைக்கவில்லை, வெளியே கும்பல் காத்திருந்தது. 1915இல் மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி ஹோம்சே 1923இல் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். இவை உண்மையாயின் நடந்தது விசாரணையே அன்று. கூட்டாட்சி நீதிபதி தாமே உண்மையை ஆராய்தல் வேண்டும் என்பது அதன் சாரம். அறுவரும் 1925க்குள் சிறை மீண்டனர்.

1953ஆம் ஆண்டின் பிரவுன் எதிர் ஆலன் தீர்ப்பு இவ்வழியை மேலும் அகலமாக்கியது. ஆனால் ஓக்லகோமா குண்டுவெடிப்புக்கு மறு ஆண்டான 1996இல் இயற்றப்பட்ட சட்டம், மனுவுக்கு ஓராண்டுக் கெடு விதித்தது. மாநிலத் தீர்ப்பு தவறு என்று காட்டினால் மட்டும் போதாது. நியாய உணர்வுடைய எந்த நீதிபதியும் ஏற்கவியலாத தவறு என்று காட்டல் வேண்டும். வழக்குகளுக்கு ஒரு முடிவு வேண்டும், மாநில நீதிமன்றங்களை மதிக்க வேண்டும் என்னும் வாதங்களைப் புறந்தள்ள இயலாது. எனினும் அவற்றின் விலையைச் செலுத்துபவர் திறமையற்ற வழக்கறிஞர் வாய்க்கப்பெற்ற ஏழையே.

மாநில நிலையில் வழக்கறிஞர் அசட்டையால் திரட்டத் தவறிய சான்றைக் கூட்டாட்சி நீதிமன்றம் பெரும்பாலும் ஏற்கலாகாதென, அரிசோனா வழக்கொன்றில் 2022இல் உச்ச நீதிமன்றம் 6-3 எனத் தீர்த்தது. மரண தண்டனை பெற்றிருந்த அம்மனுதாரர்களுள் ஒருவர் 2023இல் வெளிவந்தார். அது அரசுத்தரப்புடன் செய்துகொண்ட உடன்பாட்டினால், ஆட்கொணர் ஆணையினால் அன்று.