மூன்று ஆட்டங்கள், ஏழு புள்ளிகள்

விளையாட்டுப் பதிவேடுகள் சுருக்கமாகவே பேசும். நியூயோர்க் நிக்ஸ் கூடைப்பந்தாட்ட அணியின் 1947–48 பருவகாலப் பட்டியலில், வற்றாரு மிசாக்கா என்னும் பெயருக்கு எதிரே 3 ஆட்டங்கள், 7 புள்ளிகள் என்று காணப்படும். அவ்வரியைக் கண்ணுறுவோர் பலரும் அதனை எளிதிற் கடந்து சென்றுவிடுவர். ஆயினும், பின்னர் என்.பி.ஏ. எனப் பெயர்பெற்ற தொழின்முறைச் சங்கத்தில் வெள்ளையரல்லாத ஒருவர் முதன்முதலாகக் களமிறங்கியமைக்குச் சான்று அவ்வரியேயாகும்.

மிசாக்கா 1923ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஒக்டன் நகரிற் பிறந்தார். பெற்றோர் யப்பானிலிருந்து குடியேறியவர்கள். தந்தையார் முடிதிருத்தும் நிலையமொன்றை நடத்தினார். அதன் கீழ்த்தளமே குடும்பத்தின் இல்லம். மகனுக்குப் பதினைந்து வயதாகையில் தந்தையார் மறைந்தார். ஹிரோஷிமாவிலிருந்த உறவினரிடம் திரும்பிவிடத் தாயார் எண்ணினார். மைந்தர் இணங்கவில்லை. தாயாரும் தங்கி, கணவரின் தொழிலைத் தாமே மேற்கொண்டார்.

1942இல் அமெரிக்க அரசு, பசுபிக் கரையோர மாநிலங்களில் வாழ்ந்த யப்பானிய வமிசத்தினர் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்டோரை முகாம்களில் அடைத்தது. அவற்றுள் ஒன்று யூட்டாவிலேயே இருந்தது. உள்நாட்டு வாசியானமையால் மிசாக்கா தப்பினார். தம் இனத்தவர் முள்வேலிக்குள் வாழ்ந்த காலத்திலேயே அவர் யூட்டா பல்கலைக்கழக அணியில் ஆடினார். 1944இல் அவ்வணி தேசிய கல்லூரிச் சம்பியனாயிற்று. வெற்றிவாகையுடன் ஊர் திரும்பிய இளைஞரை, படையிற் சேருமாறு பணிக்கும் ஆணை காத்திருந்தது. போர் முடிந்தபின் அவர் அமெரிக்கப் படைவீரராக ஹிரோஷிமா சென்று, குண்டுவீச்சின் விளைவுகளை ஆராய்ந்த குழுவுக்காக, உயிர் பிழைத்தோரை விசாரித்தார். தாயார் குடியேற விரும்பிய நகர் அன்று சாம்பல் மேடாகக் கிடந்தது.

நாடு திரும்பியவர் மீண்டும் பந்தைக் கையிலெடுத்தார். 1947இல் நியூயோர்க்கில் நடந்த அழைப்புச் சுற்றுப்போட்டியின் இறுதியாட்டத்தில், யூட்டா 49–45 என்ற கணக்கிற் கெந்தக்கியை வென்றது. எதிரணியின் புகழ்பெற்ற வீரர் றல்வ் பியேட் ஒரேயொரு புள்ளியே பெற்றார். அவரை மறித்து ஆடியவர் 5 அடி 7 அங்குல உயரமே உடைய மிசாக்கா. அவ்வாண்டே நிக்ஸ் அணி அவரைத் தெரிவுசெய்தது. ஆனால் மூன்று ஆட்டங்களின்பின் விலக்கிவிட்டது.

இனபேதமே காரணம் என்று அவர் குற்றஞ்சாட்டவில்லை. தம் இடத்துக்கு அணியில் ஆட்டக்காரர் மிகுந்திருந்தனர் என்றே கூறினார். ஹார்லெம் குளோப்றொட்டேர்ஸ் அணியினர் அழைத்தபோதும் செல்லாது, யூட்டாவுக்கு மீண்டு, கல்வியை நிறைவுசெய்து பொறியியலாளரானார். கறுப்பின ஆட்டக்காரர் அச்சங்கத்திற் களமிறங்க 1950ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மிசாக்கா 2019இல் தமது 95ஆவது வயதில் மறைந்தார். அவர் அணிந்த 20ஆம் இலக்கத்தை இனி எவரும் அணிவதில்லையென 2022இல் யூட்டா பல்கலைக்கழகம் அவரைக் கௌரவித்தது. ஏழு புள்ளிகளைப் பெருக்கிக் காட்ட வேண்டுவதில்லை. அவற்றைப் பெறுதற்கு அவர் எங்கிருந்து நடந்து வந்தார் என்பதை அறிந்தாற் போதும்.