தருக்க வாயில்களின் உள்ளீட்டு வரம்பு

'உம்' என்னும் இடைச்சொல்லுக்குத் தொல்காப்பிய இடையியல் கூறும் எட்டுப் பொருள்களுள் எண்ணும் ஒன்று. அரிசியும் பருப்பும் உப்பும் புளியும் என எண்ணும்மை எத்தனை பெயர்களையும் அடுக்கிச் செல்லும். இலக்கணம் அதற்கு மேல்வரம்பு வகுக்கவில்லை. ஜார்ஜ் பூலின் தருக்க இயற்கணிதத்திலும் இதுவே நிலை. ஆனால் அதே 'உம்' உறவு சிலிக்கான் சில்லில் வாயிலாக (இலங்கை வழக்கில் படலையாக) உருப்பெறும்போது, அது ஏற்கும் உள்ளீடுகளின் எண்ணிக்கை பெரும்பாலும் நான்கைத் தாண்டுவதில்லை. இவ்வரம்பு தருக்கத்தினின்று பிறப்பதன்று. பொருளின் இயல்பினின்று பிறப்பது.

இன்றைய சீமாஸ் சுற்றுகளில் நேன்ட் வாயிலின் ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் ஒரு டிரான்சிஸ்டர் தொடரிணைப்பில் அமைகிறது. வெளியீட்டில் தேங்கிய மின்னூட்டம் அத்தொடர் முழுவதையும் கடந்தே வடியவேண்டும். உள்ளீடு ஒன்று கூடுந்தோறும் மின்தடை கூடும். இடைக்கணுக்களின் மின்தேக்கமும் உடன் கூடும். இரண்டும் பெருக்கலாக இணைவதால் தாமதம் ஏறத்தாழ உள்ளீட்டு எண்ணிக்கையின் வர்க்கத்தை ஒட்டி வளர்கிறது. டிரான்சிஸ்டரை அகலமாக்கித் தடையைக் குறைக்கலாம். ஆயினும் அச்சுமை முந்தைய வாயிலின்மேல் ஏறும். நார் வாயிலில் தொடராக அமைபவை மின்துளைகளால் இயங்கும் டிரான்சிஸ்டர்கள். துளைகளின் இயக்கம் எலெக்ட்ரான்களினும் மெதுவானதாகலின், அங்கே வரம்பு மேலும் இறுகும்.

அவ்வாறாயின் அறுபத்துநான்கு உள்ளீடுகளை எவ்வாறு இணைப்பது? 'உம்' சேர்ப்புப் பண்புடையது. எங்குப் பிரித்துச் சேர்ப்பினும் பொருள் மாறாது. ஈருள்ளீட்டு வாயில்களைச் சங்கிலியாகக் கோத்தால் 63 படிநிலைகள் வேண்டும். மரமாகக் கிளைத்தால் ஆறு போதும். நான்குள்ளீட்டு வாயில்களால் மூன்று. நேன்ட்டுக்கோ இப்பண்பு இல்லை. எட்டுள்ளீட்டு நேன்ட்டை இரு நான்குள்ளீட்டு நேன்ட்களாகப் பிரித்து மூன்றாவது நேன்ட்டில் சேர்த்தால் பிழையான விடையே கிட்டும். சேர்க்கும் இடத்தில் 'அல்லது' வாயில் அமையவேண்டும். எதிர்மறை உள்ளே நுழையும்போது உம்மை அல்லதாகத் திரியும் என்னும் டி மார்கன் விதியே இதற்குக் காரணம். எதிர்மறைத் தொடர்களில் உம்மையின் பொருளை ஆராய்வோர்க்கு இது புதிதன்று.

வரம்பை முன்னரே ஏற்று வடிவமைத்ததற்கு அப்பல்லோ விண்கலத்தின் வழிகாட்டுக் கணினி சிறந்த சான்று. அதன் இரண்டாம் வடிவில் ஏறத்தாழ 5,600 வாயில்கள். அனைத்தும் மூவுள்ளீட்டு நார் வாயில்களே. ஒரே வகை உறுப்பைப் பெருமளவில் வாங்கிச் சோதித்து நம்பகத்தை உறுதிசெய்வதே அதன் நோக்கம். மூன்றுக்கு மேல் உள்ளீடு வேண்டிய இடங்களில், மின்வழங்கல் இணைக்கப்படாத மற்றொரு வாயிலின் வெளியீட்டை முதல் வாயிலின் வெளியீட்டோடு பிணைத்தனர். அவ்வகைச் சுற்றில் டிரான்சிஸ்டர்கள் இணையாக அமைவதால் இது இயன்றது.

'ஃபேன்-இன்' என்னும் ஆங்கிலச் சொல்லை 'உள்விசிறி' எனப் பெயர்த்தால் காற்றே நினைவுக்கு வரும். 'உள்ளீட்டு எண்' என்பது வெறுமையாகத் தோன்றினும் பொருளைப் பிழையின்றித் தருகிறது.