கை செய்த பாடம் மனதில் நிற்கும்!

குற்றாலத்தில் சீசன் தொடங்குவது ஜூன் மாதத்தில். அதற்கு முன்பே, பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டதும், தென்காசி வட்டாரத்து தேவாலயங்களில் வேறொரு சீசன் வந்துவிடும். அதுதான் "விடுமுறை வேதாகமப் பள்ளி."

ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை இது நடக்கும். பாட்டு உண்டு. பைபிள் கதை உண்டு. காகிதம், களிமண், ஓலை ஆகியவற்றைக் கொண்டு கைவேலையும் உண்டு.

"பாடம் படிக்க அனுப்பினால், மண்ணைப் பிசைந்து விளையாடிவிட்டு வருகிறானே!" என்று அலுத்துக்கொள்ளும் தாய்மார்களும் உண்டு.

அது வெறும் விளையாட்டா? பார்ப்போம்.

பீர் கடையில் தொடங்கியது

1898-ம் ஆண்டு. அமெரிக்காவில் உள்ள நியூயார்க் நகரம். கோடை விடுமுறையில் ஏழைக் குழந்தைகள் தெருத்தெருவாக சுற்றிக்கொண்டு இருந்தார்கள். அதைப் பார்த்து மனம் வருந்தினார், ஹாஸ் என்ற அம்மையார். அந்தக் குழந்தைகளுக்காக ஒரு பீர் கடையின் கூடத்தை வாடகைக்கு எடுத்தார்!

அங்கே பைபிள் கதையோடு, விளையாட்டு, கைவேலை, படம் வரைதல், சமையல் எல்லாம் கற்றுக் கொடுத்தார்கள். 1901-ம் ஆண்டில் பாவில் என்ற பாதிரியார் இதை நகரின் வேறு பகுதிகளிலும் நடத்தினார். பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. ஆகவே, கைவேலை இடையில் வந்து சேர்ந்தது அல்ல. தொடக்கத்திலேயே இருந்தது.

கடுகும் மணல் வீடும்

இதற்கு விலை உயர்ந்த சாமான் எதுவும் வேண்டாம். அடுப்பங்கரையில் உள்ள கடுகே போதும்.

மிகச் சிறிய கடுகு விதை பெரிதாக வளர்ந்து, பறவைகளுக்கு நிழல் தருவதாக இயேசு ஒரு உவமை சொன்னார். முதல் நாள், ஒவ்வொரு குழந்தையும் தேங்காய் சிரட்டையில் மண் போட்டு கடுகு விதைக்கட்டும். தினமும் தண்ணீர் தெளிக்கட்டும். சில நாளில் முளை தெரியும். கடைசி நாளில் இளஞ்செடியோடு வீட்டுக்குப் போகலாம். "சிறியது என்று எதையும் தள்ளிவிடாதே" என்று ஆசிரியை நூறு முறை சொல்ல வேண்டாம். செடி சொல்லிவிடும்.

இன்னொரு கதை. புத்தி உள்ளவன் பாறை மீது வீடு கட்டினான். புத்தி இல்லாதவன் மணல் மீது கட்டினான். வெள்ளம் வந்தது. மணல் வீடு விழுந்தது.

வெள்ளம் என்றால் என்ன என்று குற்றாலத்துக் குழந்தைக்கு விளக்க வேண்டியது இல்லை. மெயின் அருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டி தண்ணீர் கொட்டுவதும், குளிக்கத் தடை போடுவதும் அதற்குத் தெரியும். ஒரு தட்டில் கல்லும், இன்னொரு தட்டில் ஆற்று மணலும் வையுங்கள். கல்லின் மீது ஒரு தீப்பெட்டியை களிமண்ணால் ஒட்டுங்கள். மணல் மீது ஒரு தீப்பெட்டியை சும்மா வையுங்கள். குழந்தை தன் கையால் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றட்டும். எந்த வீடு நிற்கிறது என்று அது தானே கண்டுபிடிக்கும்.

இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும், நன்றாகப் படிக்கும் பிள்ளையும் இங்கே ஒன்றுதான். புத்தகத்தை விரித்ததும் தலைகுனியும் குழந்தை, களிமண்ணைக் கொடுத்தால் நிமிர்ந்து உட்காரும்!

விரலே கண்

கை எவ்வளவு கற்கும் என்பதற்கு பாளையங்கோட்டையே சாட்சி. அங்கே 1890-ம் ஆண்டில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற குழந்தைகளுக்கு பள்ளிக்கூடம் தொடங்கினார். பார்வையற்றவர்கள் படிக்கும் பிரெய்லி எழுத்து, ஆறு புள்ளிகளைக் கொண்டது. மேடாக இருக்கும் அந்தப் புள்ளிகளைத் தடவித் தடவி அவர்கள் படித்துவிடுகிறார்கள். அவர்களுக்கு விரலே கண்!

குழந்தைக் கல்வியில் புகழ் பெற்ற மாண்டிசோரி அம்மையாரும் கைக்கு முதல் இடம் கொடுத்தார். இத்தாலி நாட்டைச் சேர்ந்த அவர் 1939-ல் சென்னைக்கு வந்தார். பிறகு கொடைக்கானலிலும் தங்கி இருந்தார். அதற்கு முன்பு, ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில், சமய பாடத்துக்காக குழந்தைகளைக் கொண்டே கோதுமையும் திராட்சையும் பயிரிடச் செய்தார். ஏன் தெரியுமா? கோவில் வழிபாட்டில் வைக்கும் அப்பமும் திராட்சை ரசமும் எங்கிருந்து வருகின்றன என்று குழந்தைகள் உழைத்துத் தெரிந்துகொள்ளத்தான்.

பெரியவர்கள் கவனத்துக்கு

பொருளை ஆசிரியையே அழகாகச் செய்து, குழந்தை கையில் கொடுத்து அனுப்புவதில் பயன் இல்லை. குழந்தைதான் செய்ய வேண்டும். கோணலாக இருந்தாலும் சரி.

கதை இல்லாத கைவேலை வெறும் பொழுதுபோக்கு. கதையைச் சொன்ன பிறகே பொருளைக் கொடுங்கள்.

கடுகு, பாசி, காசு போன்ற சிறு பொருள்களை சின்னக் குழந்தைகள் மூக்கிலும் வாயிலும் போட்டுக்கொள்ளும். பக்கத்தில் ஒருவர் இருந்தே தீர வேண்டும்.

நூறு ஆடுகளில் ஒன்று காணாமல் போனது. மேய்ப்பன் தேடி அலைந்து, அதைத் தோளில் சுமந்து வந்தான். இந்தக் கதையைக் கேட்ட குழந்தை, மாலையில் களிமண் ஆட்டோடு வீட்டுக்கு வரும். ஆட்டுக்கு மூன்று கால்தான் இருக்கும். அதைப் பார்த்து சிரிக்காதீர்கள். "இந்த ஆடு எங்கே போயிருந்தது?" என்று கேளுங்கள்.

முழுக் கதையையும் குழந்தையே சொல்லும்!