பஸ் ஏறாமலே தலை சுற்றுகிறதா?

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலை ஏறும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு எனக்குத் தலை சுற்றும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'திரும்புகிறோம்' என்கிறது. கண்ணோ எதிர் சீட்டையே பார்த்து, 'அசையவில்லை' என்கிறது. இந்தச் சண்டைதான் கிறுகிறுப்பு. வெள்ளிமலையில் இறங்கித் தங்கை வீட்டில் சற்று உட்கார்ந்தால் சரியாகிவிடும்.

போன தடவை தங்கை சொன்னாள்: "உனக்குப் பஸ்ஸிலேதான் சுத்துது அக்கா. எனக்கு அடுப்படியிலேயே சுத்துது. குழந்தையோட விழுந்துடுவேனோன்னு பயமா இருக்கு."

குனிந்து எழுந்தால் கண் இருட்டுகிறதாம். "எல்லாம் பித்தம். எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடி" என்றார் அவள் மாமியார். நான் அவளுடைய கீழ் இமையை விலக்கிப் பார்த்தேன். வெளுத்துக் கிடந்தது! மறுநாளே மூவரும் கள்ளக்குறிச்சிக்கு வந்து டாக்டரைப் பார்த்தோம். ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்க வேண்டிய இடத்தில் 8தான் இருந்தது.

ரத்தசோகை! 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு இது உண்டு.

டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். "எலுமிச்சம்பழச் சாறையும் விட வேண்டாம், மாத்திரை உடம்பில் சேர உதவும். காபி, டீ மட்டும் அதோடு கூடாது" என்றார்.

அப்போதுதான் மாமியார் மெல்ல வாயைத் திறந்தார். "எனக்கும் படுக்கையிலே புரண்டா வீடே சுத்துதுங்க. ஒரு நிமிஷத்திலே நின்னுடுது."

அது வேறு விஷயம். உள்காதிலுள்ள சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறினால் இப்படிச் சுழலும். அமெரிக்க டாக்டர் எப்ளி வகுத்த முறைப்படி, தலையைப் படிப்படியாகத் திருப்பிப் படுக்க வைத்தே துகள்களைப் பழைய இடத்துக்கு அனுப்பிவிடலாம். மாமியாருக்கும் அப்படித்தான் செய்தார்கள்.

ஒரே வீடு, ஒரே 'தலைசுற்றல்'; காரணம் மட்டும் இரண்டு! பட்டினி, ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரைக் குறைவு என்று இன்னும் பல உண்டு. ஆகவே தோழியரே, எழும்போதா, புரளும்போதா, எவ்வளவு நேரம் என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

தலைசுற்றலோடு வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் தளர்ந்தாலோ, நடக்கவே முடியாமல் தள்ளாடினாலோ கை வைத்தியம் வேண்டாம். உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.